அண்டா வராத படம்

நீங்களும் சாப்பிட்டுட்டு வந்துட்டீங்களா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் இங்கதானுங்க. வெறும் வயித்துல ஒரு தடவை குத்துவாங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை குத்துவாங்க. நடுவுல வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்னா என் முட்டி ஒத்துக்காது. இந்தப் பக்கம் வந்து உட்காருங்க, அங்க ஃபேன் காத்து வராது.

ஜன்னல் வழியா என்ன பார்க்கறீங்க, அந்தச் சுவரையா? வெளியூர்க்காரங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நாலு மாடி உயரத்துக்கு ஒரு சுவரு. வீடும் இல்லை, கோட்டையும் இல்லை, பின்னால போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. இப்ப சிமென்ட் விளம்பரம் எழுதியிருக்குது. அதுதானுங்க திரை. சினிமாத் திரை. இந்த ரத்தம் பார்க்கற கடை, பக்கத்து டயர் கடை, அந்தக் கல்யாண மண்டபம், எல்லாம் சேர்ந்து ஒரு காலத்துல ஒரே தியேட்டர். கூரை இல்லாத தியேட்டர். கார்ல வந்து, கார்லயே உட்கார்ந்து படம் பார்க்கற தியேட்டர்.

அதை நான்தான் மூடவெச்சேன்னு இந்த ஊர்ல சொல்லுவாங்க. நீங்க பஸ் ஏறுறதுக்குள்ள யாராவது ஒருத்தர் உங்ககிட்டயும் சொல்லுவாங்க. 'சம்பூரணம் வாயாலேயே ஒரு தியேட்டரை மூடினவ'ன்னு. அதனால முந்திக்கிட்டு நானே சொல்லீர்றேன். நான் எதையும் மூடலைங்க. கண்ணால பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவ்வளவுதான்.

ராசப்பண்ணன்னு ஒருத்தர். எட்டு லாரி ஓட்டினவர். நல்ல மனுசன், அதை மறைக்கக் கூடாது. லாரி பர்மிட் விசயமா மெட்ராஸ் போனவர் அங்க இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்துட்டு வந்து, நம்ம செங்கரட்டூர்லயும் கட்டறேன்னு நின்னாரு. அப்ப ஊர்ல மொத்தம் அஞ்சு காரு. டாக்டர் காரு ஒண்ணு, அரிசி மில்லுக்காரர் காரு ஒண்ணு, வாடகைக் காரு ரெண்டு, அப்புறம் ராசப்பண்ணன் காரு. அஞ்சு காருக்கு எதுக்குங்கண்ணா ஏழு ஏக்கர்ல தியேட்டருன்னு கேட்டதுக்கு, 'காரு அஞ்சுதான். லாரி இருநூறு இருக்குதுல்ல'ன்னாரு. அது வாஸ்தவம். இது லாரி ஊரு. எங்க வீட்டுக்காரரே லாரிக்குப் பெயின்ட் அடிக்கறவர்தான். பேரு, நம்பரு, தாமரை, கிளி, எல்லாம் அவரு கையாலதான்.

தை மாசம் திறந்தாங்க. முதல் நாளே பிரச்சினை. முன்னால ஒரு லாரி நின்னுட்டா பின்னால இருக்கறவனுக்கு அந்த லாரியோட முதுகுதான் படம். 'ஒலி எழுப்பவும்'னு எழுதியிருக்கறதை மூணு மணி நேரம் படிச்சுட்டுப் போனவங்க உண்டு. அப்புறம் உயரம் பார்த்து நிறுத்தினாங்க. காரு முன்னால, டெம்போ அதுக்குப் பின்னால, லாரி கடைசியில. அதுலயும் அரிசி மில்லுக்காரருக்குக் கோவம். ஊர்லயே பெரிய லாரி வெச்சிருக்கறவன் நான், என்னைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில நிறுத்தறீங்களான்னு.

சத்தத்துக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கம்பம், கம்பத்துல ஒரு சின்னப் பெட்டி. அதை எடுத்து வண்டி ஜன்னல்ல மாட்டிக்கணும். படம் முடிஞ்சதும் கழட்டி வைக்கணும். எங்க ஆளுக மறந்துட்டு ஒயரோட பிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. ஒரு பெட்டி பாம்பே வரைக்கும் போய்ட்டு ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு.

இன்னொண்ணு, வண்டி இல்லாம உள்ள விடமாட்டாங்க. கேட்ல மாரப்பன்னு ஒருத்தர் நிப்பாரு. செக்போஸ்ட்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. சட்டம்னா சட்டம். ராசப்பண்ணன் பொண்டாட்டியே ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கிட்டு நடந்து வந்ததுக்கு, 'வண்டி எங்கம்மா'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிச்சவரு.

இப்ப எங்க வீட்டுக்கு வர்றேன். எங்க வீடு அந்தக் காம்பவுண்டை ஒட்டின வீடு. மொட்டை மாடியில நின்னா திரை முழுசாத் தெரியும். கொஞ்சம் சாய்வாத் தெரியும், அதனால எல்லாரும் ஒல்லியா இருப்பாங்க. எவ்வளவு குண்டான வில்லனா இருந்தாலும் எங்க மாடியில இருந்து பார்த்தா காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவன் மாதிரித்தான் இருப்பான். சத்தம் மட்டும் துளி வராது. சத்தமெல்லாம் வண்டிக்குள்ள இருக்கற பெட்டியில. எங்களுக்கு வாய்தான் அசையும்.

அந்தத் தை மாசத்துலதான் எங்க வீட்டுல அண்டா காணாமப் போச்சு.

சாதாரண அண்டா இல்லைங்க. செம்பு அண்டா. எங்க அத்தை, அதாவது எங்க மாமியா, கல்யாணத்துக்கு அவங்க அப்பாரு எடுத்துக் குடுத்தது. எட்டுக் குடம் தண்ணி பிடிக்கும். நான் எங்க அண்ணன் மகளுக்குக் காது குத்துன்னு பொறந்த ஊட்டுக்குப் போயிருந்தேன். அத்தை கோயில் நோம்பிக்குப் போயிருந்தாங்க. ரெண்டு பேரும் திரும்பி வந்து பார்த்தா அண்டா இருந்த இடத்துல வட்டமா ஒரு தடம் மட்டும் இருக்குது. அத்தை, சொந்தக்கார ஒறம்பரை நாலு பேரு இருக்கறப்பவே கேட்டாங்க. 'உன்ற பொறந்த ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டியா?'

நான் கேட்டேன், 'பஸ்ல டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கிட்டுப் போனேனா, இல்லை மடியில கட்டிக்கிட்டுப் போனேனா?'

'நீ செய்வே'ன்னாங்க.

அன்னிக்குப் பேச்சு நின்னுச்சு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு கிடையாது. எதுவா இருந்தாலும் தொழுவத்துல இருக்கற எங்க எருமைகிட்டச் சொல்லுவாங்க. 'பருப்புல உப்பு இல்லை'ன்னு எருமைகிட்டச் சொல்லுவாங்க. 'நாளைக்குப் போட்டுக்கலாம்'னு நானும் எருமைகிட்டச் சொல்லுவேன். அந்த எருமைக்கு எங்க வீட்டுச் சமையல் முழுக்க அத்துப்படி.

எனக்கு அண்டா வேண்டாங்க. 'நீ எடுக்கலை'ன்னு ஒரு வார்த்தை. அவங்க வாயில இருந்து. நாலு பேரு முன்னால சொன்னதை நாலு பேரு முன்னால எடுத்துக்கணும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை.

எங்க வீட்டுக்காரர் இதுல தலையிடலை. பேசத் தெரியாத மனுசன். சண்டைன்னா அப்படியே எந்திரிச்சுக் காத்தாட வெளிய போயிருவாரு. அந்த அளவுக்கு மென்மையான சுபாவம்.

சித்திரை வெயில்ல எல்லாரும் மாடியிலதான் படுக்கை. அத்தைக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. வெளிச்சம் ஆடறது தெரியும், உருவம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொன்னக்கா எங்க மாடிக்கே பாயை எடுத்துக்கிட்டு வந்துருவாங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியும், ஆனா படம் புரியாது. ஒரு நாள் திரையில ஒரு பொண்ணு தூணைக் கட்டிக்கிட்டு அழுகறா. எதிர்ல வயசான அம்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. 'எதுக்கு சம்பூரணம் அழுகறா'ன்னு பொன்னக்கா கேட்டாங்க.

'அண்டாவைக் காணோம். இவ மேல பழி போட்டுட்டாங்க'ன்னேன்.

அது தானா வாயில வந்துச்சுங்க. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு மருமக தூணைக் கட்டிக்கிட்டு அவ்வளவு நேரம் அழுகறதுக்கு வேற என்ன காரணம் இருக்க முடியும்?

அத்தை மல்லாக்கப் படுத்திருந்தவங்க, வானத்தைப் பார்த்துக் கேட்டாங்க. 'பொன்னா, அந்த மாமியாக்காரி என்ன சொல்றாளாம்?'

நான் பொன்னக்காகிட்டச் சொன்னேன். 'நீதான் எடுத்திருப்பேங்கறாங்க, பொன்னக்கா. விசாரிக்கலை, ஒண்ணும் பண்ணலை, எடுத்த எடுப்புல சொல்லீட்டாங்க.'

'காரணம் இல்லாம ஒரு பொம்பளை அப்படிச் சொல்லுவாளா, பொன்னா? அந்தப் புள்ளை முழி எப்படி இருக்குதுன்னு கேளு.'

'முழியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, பொன்னக்கா. பால் மாதிரி முகம்.'

நடுவுல பொன்னக்கா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டுக் கிடந்தாங்க. அன்னிக்குப் படத்துல கடைசியில அந்த மாமியாக்காரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'தப்புப் பண்ணிட்டேன், அண்டா பரண்லயே இருந்துச்சு'ன்னு சொல்லி அழறாங்கன்னு சொன்னேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஆனா ரொம்ப நேரம் தூங்கலை. நான் கவனிச்சேன்.

மறுநாள் பொன்னக்காவோட அவங்க நாத்தனார் வந்தாங்க. அதுக்கு மறுநாள் எதிர்வீட்டுல எல்லாருமே வந்தாங்க. வைகாசி பொறக்கறதுக்குள்ள மாடியில நாப்பது பேரு. வர்றப்பவே முறுக்கு, நிலக்கடலைன்னு எடுத்துக்கிட்டு வருவாங்க. நான் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னு சொல்லுவேன். ஆம்பளை பேசினா ஆம்பளைக் குரல், கிழவன் பேசினா கிழவன் குரல். சண்டைக் காட்சிக்கு மூச்சு வாங்கும். படம் வாரத்துக்கு ரெண்டு மாத்துவாங்க. குடும்பப் படம், சாமி படம், துப்பறியற படம். எது வந்தாலும் நான் பார்த்ததைத்தான் சொன்னேன். துப்பறியற படத்துல ஒரு கறுப்புப் பெட்டியை எல்லாரும் தேடிக்கிட்டே இருந்தாங்க. வெளிநாட்டுல நடக்கற கதை. அங்க அண்டா அந்த மாதிரித்தான் இருக்கும்னு சொன்னேன். சாமி படத்துல பாற்கடலைக் கடையறாங்க. அதுல என்னென்னமோ வருதுங்க. குதிரை வருது, யானை வருது. அவ்வளவு பெரிய கடல்ல இருந்து ஒரு அண்டா வராதா?

அண்டா வர்ற இடத்துல எல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத் தாங்காது. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் படி இறங்கிப் போயிருவாரு. பொண்டாட்டி படற கஷ்டம் அவரு மனசைப் பிசைஞ்சிருக்கும்.

இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா, மாடியில கதை கேட்டவங்க சில பேரு, இவ்வளவு நல்ல கதையாச்சே, பாட்டோட கேக்கலாம்னு டெம்போ பிடிச்சு உள்ள போய்ப் பார்த்தாங்க. பார்த்துட்டு வந்து, படத்துல அண்டாவே இல்லைன்னாங்க.

அந்தக் காலத்துல ஆபரேட்டருக நேரம் மிச்சம் பிடிக்க ரீலை வெட்டுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. ஊர் அதைத்தான் நினைச்சுச்சு. 'நல்ல நல்ல சீனா வெட்டறான் ராசப்பன்'னு பேச்சு கிளம்பிருச்சு. ஒரு நாள் படம் பாதி ஓடறப்ப எவனோ ஒருத்தன் லாரி ஹாரனை அடிச்சான். 'அண்டா சீனைப் போடு'ன்னு கத்தினான். பக்கத்துல இருந்தவன் அடிச்சான். கொஞ்ச நேரத்துல அத்தனை லாரியும் அடிக்குது. எங்க எருமை கயித்தை அறுத்துக்கிட்டுப் போய் மறுநாள் காலையில ரயில்வே கேட்கிட்டக் கிடைச்சுச்சு. ராசப்பண்ணன் மைக்குல வந்து, 'பெரியோர்களே, இந்தப் படத்துல அண்டா கிடையாது, சத்தியமாக் கிடையாது'ன்னாரு. யாரும் நம்பலை. யாரோ மனு வேற எழுதிப் போட்டு, ஒரு ஆபீசர் ஜீப்புல வந்து முழுப் படத்தையும் பார்த்து, 'படத்தில் அண்டா எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. அவரு நடுவுல தூங்கிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க.

அப்புறம்தான் ராசப்பண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரு. வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிட்டுத்தான் வந்தாரு. மரியாதை தெரிஞ்சவரு.

'அம்மிணி, உன்னைக் கேக்கறேன். என்ற படத்துல அண்டா எங்க இருக்குது?'

'ஏனுங்கண்ணா, குடும்பம்னு ஒண்ணு இருந்தா அண்டா இருக்காதுங்களா?'

'காட்டலையே.'

'அம்மியும்தான் காட்டலை. அம்மி இல்லாமலா சட்னி அரைச்சுச் சாப்பிடறாங்க?'

அவரு சொம்பைக் கேட்டு வாங்கினாரு. தண்ணி குடிச்சாரு. அப்புறம், 'யாருக்காகம்மா நீ கதை சொல்றே?'ன்னாரு.

'அத்தைக்குக் கண்ணு தெரியாதுங்கண்ணா. பாவம், அவங்களுக்காகத்தான்.' அது பொய்யில்லைங்க.

'அவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுட்டா?'

'தெரிஞ்சுட்டா நான் ஏனுங்க சொல்லப்போறேன்.'

ஒரு வாரத்துல ராசப்பண்ணன் கண் முகாம் வெச்சாரு. தியேட்டர் மைதானத்துலயே பந்தல் போட்டு, வெளியூர்ல இருந்து டாக்டருகளைக் கூட்டிக்கிட்டு வந்து, அம்பது பேருக்கு இலவசமா. முதல் பேரு எங்க அத்தை பேரு. அவரு காரையே அனுப்பிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஒரு கண்ணுலதான் பண்ணினாங்க. ஒரு மாசம் பச்சைத் துணி கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆடி முடிஞ்சு கண்ணாடி வந்துச்சு. சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி தடிமன். அதைப் போட்டுக்கிட்டு முதல்ல என்னைத்தான் பார்த்தாங்க. 'மெலிஞ்சுட்டா'ன்னு எருமைகிட்டச் சொன்னாங்க.

எனக்குப் பயம்னு ஒண்ணும் இல்லைங்க. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் சோறு இறங்கலை. பார்த்ததைச் சொன்னவளுக்கு என்ன பயம்னு கேக்கறீங்க. இருந்தாலும், நம்ம பார்த்ததும் அவங்க பார்க்கப்போறதும் ஒண்ணா இருக்கணுமே. நாலு மாசமா நான் சொல்லிக்கிட்டு வந்தது பூராவும் பொய்யின்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லீட்டா, அப்புறம் அண்டா விசயத்துல மட்டும் என்னை யாரு நம்புவாங்க?

மாடி நிறைஞ்சு கிடக்குது. ராசப்பண்ணனே வேடிக்கை பார்க்க ஆள் அனுப்பியிருந்தாரு. அத்தைக்கு முன்வரிசையில நாற்காலி. படம் ஆரம்பிச்சுச்சு. நானும் சொல்ல ஆரம்பிச்சேன். ரொம்ப ஜாக்கிரதையா. 'ஒருத்தர் நடந்து வர்றாருங்க. அரண்மனைக்குள்ள போறாருங்க. உட்கார்றாருங்க.' எல்லாரும் நெளியறாங்க. 'அண்டா எங்க சம்பூரணம்'னு பின்னால இருந்து ஒரு குரல். 'வரும், வரும்'னேன். அத்தை கண்ணாடி அந்தத் திரையைப் பார்த்தபடியே இருக்குது.

இடைவேளை வந்துச்சு. மைதானம் பூரா விளக்கு போட்டாங்க. எங்க மாடிக்கு நேர் கீழே கொஞ்ச தூரத்துல ஆபரேட்டர் அறையும் கேன்டீனும் ஒட்டி ஒட்டி இருக்கும். அத்தை எந்திரிச்சுக் கைப்பிடிச் சுவர்கிட்ட வந்தாங்க. கண்ணாடியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க.

'ஏ புள்ளை.'

எட்டு மாசத்துல முதல் வார்த்தை. நான் எருமையைக் கூப்பிடறாங்களோன்னு ஒரு நிமிசம் பார்த்தேன்.

'ஏ புள்ளை, அது நம்ம அண்டா.'

கேன்டீன் வாசல்ல ஒரு நீலத் தொட்டி. குழாய் வெச்சு, 'குடிநீர்'னு எழுதி, ரெண்டு பக்கமும் தாமரை போட்டிருக்கும். நான் தினமும்தான் பார்க்கறேன். எழுத்து எவ்வளவு லட்சணமா இருக்குதுன்னுகூட நினைச்சிருக்கறேன். 'அது தொட்டிங்க அத்தை'ன்னேன்.

'எனக்குக் கல்யாணம் ஆகி வர்றப்ப வண்டியில இருந்து உருண்டு விழுந்து நெளிஞ்ச அண்டா அது. அந்த நெளிசல் எனக்குத் தெரியாதா? வா கீழே.'

நாங்க கிளம்பினா நாப்பது பேரும் கிளம்பறாங்க. கேட்ல மாரப்பன். 'வண்டி எங்கம்மா?'

'வண்டி என்னடா வண்டி, என்ற அண்டா உள்ள இருக்குது.'

'அது வேற விசயமுங்க ஆத்தா. வண்டி இல்லாம விடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை.'

பொன்னக்கா வீட்டுக்காரர் காய்கறி விக்கறவரு. ஓடிப்போய்த் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தாரு. அத்தையைத் தூக்கி அதுல உட்காரவெச்சோம். மாரப்பன் குனிஞ்சு பார்த்தாரு. நாலு சக்கரம் இருக்குது. அவருக்கு வழி இல்லை. 'எத்தனை பேரு?'ன்னாரு. 'நாப்பத்தி ரெண்டு'ன்னேன். டிக்கெட் புத்தகத்தைக் கீழே வெச்சுட்டுக் கேட்டைத் திறந்து விட்டாரு.

கேன்டீன்காரர் சின்னராசு போண்டா போட்டுக்கிட்டு இருந்தாரு. அத்தை வண்டியில இருந்தபடியே அண்டா மேல கையை வெச்சுத் தடவினாங்க. 'இது எப்படி இங்க வந்துச்சு?'

'உங்க மகன் குடுத்ததுங்க ஆத்தா. திறப்பு விழாவுக்குத் தண்ணி வைக்கக் குடுத்தாரு. அவரே பெயின்ட் அடிச்சு, அவரே எழுதிக் குடுத்தாரு. அதுக்குப் பதிலா தினமும் ஒரு டீ, ரெண்டு போண்டா.' சொல்லிட்டு உள்ளே கையைக் காட்டினாரு.

அங்க பெஞ்சுல எங்க வீட்டுக்காரர். கையில போண்டா. அது ரெண்டாவது போண்டா.

'ஏன்டா சொல்லலை?'ன்னு அத்தை கேட்டாங்க.

அவரு அப்பத்தான் வாயைத் திறந்தாரு. 'சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. சரி, சண்டை முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்.'

அவரைத் திட்ட முடியுங்களா? என்ன சொல்றது? சண்டை முடியட்டும்னு எட்டு மாசம் பொறுத்திருந்த மனுசன். தினமும் வந்து அண்டா பத்திரமா இருக்குதான்னும் பார்த்திருக்காரு. அந்தப் பொறுப்பு யாருக்கு வரும்?

தண்ணியைக் கவுத்து ஊத்திட்டு அண்டாவைத் தள்ளுவண்டியில ஏத்தினோம். அத்தை அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. அதுக்குள்ள இடைவேளை முடிஞ்சு விளக்கை அணைச்சுட்டாங்க. இருட்டுல வழி தெரியாம ஆபரேட்டர் அறைக்கு முன்னால வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனோம். படம் காட்டற வெளிச்சம் நேரா எங்க மேல விழுது. நிமிர்ந்து பார்த்தா, திரை முழுக்க, நாலு மாடி உயரத்துக்கு, கறுப்பா ஒரு அண்டா. அண்டாவைக் கட்டிக்கிட்டு ஒரு கிழவி.

அப்புறம் அடிச்சாங்க பாருங்க ஹாரனு. கடைசி வரிசையில இருந்து முன்வரிசை வரைக்கும், டாக்டர் காரு உள்பட. கை தட்டறாங்க, விசில் அடிக்கறாங்க. 'போட்டுட்டான்யா ராசப்பன், அண்டா சீனைப் போட்டுட்டான்'னு லாரி மேல ஏறி நின்னு ஆடறாங்க. அரிசி மில்லுக்காரர் லாரியில இருந்து இறங்கி ஓடிப்போய் ராசப்பண்ணனைக் கட்டிப் பிடிச்சாராம்.

நம்பிட்டாங்கல்ல, அதோட தியேட்டர் பிழைச்சிருக்கணும். ஆனா மறுநாள் அந்த சீன் வரலைன்னு மறுபடி ஹாரன் அடிச்சாங்க. நேத்துப் பார்த்தோமே, இன்னிக்கு ஏன் வெட்டினேன்னு. ராசப்பண்ணன் ஆளே ஒடிஞ்சு போயிட்டாரு. ஐப்பசி மழையில மைதானம் குளமாச்சு, பதினோரு லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. அதோட சரி. மழைதானுங்க தியேட்டரை மூடுச்சு. என் வாய்க்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

அதை விடுங்க. நான் சொல்லவந்தது அந்த மறுநாள் சாயங்காலம்.

அண்டா வீட்டுக்கு வந்து பழைய இடத்துல உட்கார்ந்திருச்சு. ஆனா அத்தை அதுக்கப்புறம் என்கிட்டப் பேசலை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. எருமைகிட்டக்கூடப் பேசலை. எனக்கு மனசு ஆறவே இல்லைங்க. அண்டா கிடைச்சுப் போச்சு, எனக்கு வரவேண்டியது வரலையே.

மாடிக்குப் போனோம். அதே கூட்டம். முந்தின நாள் ஓடின அதே ராஜா காலத்துப் படம். நான் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னேன். வாயே வரலை. என்னத்தைச் சொல்றது? திரையில ஒரு குதிரை. ஆள்கூட இல்லை மேலே. பொட்டல் காட்டுல தனியா ஓடிக்கிட்டே இருக்குது. எல்லாரும் என் முகத்தையே பார்க்கறாங்க.

அத்தை கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சாங்க. திரும்பப் போட்டுக்கலை. மடியில வெச்சுக்கிட்டாங்க.

'நான் சொல்றேன்'னாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க, கடைசியில உட்கார்ந்திருந்த ஒறம்பரைக்கும் கேக்கற மாதிரி. '"நீ எடுக்கலை கண்ணு. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதே"ன்னு சொல்லுது.'

பொன்னக்கா திரையைப் பார்க்கறாங்க, அத்தையைப் பார்க்கறாங்க. 'யாருங்க சொல்றது? குதிரைதான ஓடுது?'

'குதிரைதான் சொல்லுது. உனக்கென்ன, கேளு.'

நான் நல்லாப் பார்த்தேங்க. குதிரை வாயை மூடிக்கிட்டுத்தான் ஓடுச்சு. இருந்தாலும் நான் திருத்தலை. வயசானவங்க, ஒரு கண்ணுதான் தெரியும், அதுலயும் கண்ணாடி போடலை. கொஞ்ச நேரம் எனக்கும் திரை சரியாத் தெரியலை.

ஆனா ஒண்ணு. படத்துல இல்லாததை இருக்கற மாதிரிச் சொல்ற பழக்கம் எங்க அத்தைக்குத்தான் இருந்துச்சு. எனக்குக் கிடையாது. யாராவது கேட்டா இதை மட்டும் சொல்லுங்க.